கோழி ஷெட்டின் காற்றில் என்ன மிதக்கிறது?

கூரை ஷீட்டில் ஆணி போன ஓட்டை வழியாக வெயில் கோடாக உள்ளே இறங்கும்போதுதான் கோழி ஷெட்டின் காற்று கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்குள் மேலும் கீழுமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறதே, அது இறகுப் பொடி, கோழித் தோலின் செதில், தீவன மாவு, காய்ந்து நொறுங்கிய எச்சம், தரையில் போட்ட உமியின் துகள் எல்லாம் கலந்தது. இவற்றின் முதுகில் ஏறிக்கொண்டு பாக்டீரியாவும் பூஞ்சை வித்தும் பறக்கின்றன.

சேலம் மாவட்டத்து ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர் பக்கம் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கும் பண்ணைகளில் இது அடிக்கடி நடக்கும்: சூப்பர்வைசர் வருவார், ஒரு சுற்று சுற்றுவார், "ஏர் சரியில்லைங்க, படுதாவ எறக்கி விடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார். படுதா என்பது பக்கவாட்டு வலையை மறைக்கும் திரை, இறக்கினால் காற்று வரும். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஏர் என்று எதைச் சொன்னார்? சூட்டையா, நாற்றத்தையா, தூசியையா? மூன்றும் வேறு வேறு. நாலாவதாக ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. காற்றில் மிதக்கும் அந்தப் பாக்டீரியாவைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். புதிதாக ஷெட் போட்டவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பழைய கைகளுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும்.

முதலில் எண்ணிக்கை. ஊர்ப்புறத் திறந்த வெளியில் ஒரு கன மீட்டர் காற்றை எடுத்துப் பார்த்தால், வளரக்கூடிய பாக்டீரியா பொதுவாகச் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை இருக்கும். தரையில் கூளம் (உமி போன்ற படுக்கை) போட்டு வளர்க்கும் ஷெட்டுக்குள் அதே அளவு காற்றில் லட்சக்கணக்கில் இருப்பது சாதாரணம். கோழி வளர்ந்து பேட்ச் (ஒருமுறை இறக்கிய கூட்டம்) முடியும் தருவாயில் பத்து லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. வேலை செய்துகொண்டிருக்கும் ஆள் மணிக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கிறார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் நோய்க்கிருமி என்று நினைத்துப் பதற வேண்டாம். பெரும்பகுதி ஸ்டெஃபைலோகாக்கஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. கோழியின் தோலிலும் இறகிலும் கூளத்திலும் எப்போதும் இருப்பவை. குடலிலிருந்து வரும் என்டரோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ், மண்ணிலிருந்து வரும் பேசில்லஸ் எல்லாம் கூடவே இருக்கும். பண்ணைக்காரர்கள் பயப்படும் ஈ-கோலை என்ற குடல் பாக்டீரியா இந்தக் கூட்டத்தில் சிறுபான்மைதான். ஆனால் சிறுபான்மை என்பதால் விட்டுவிட முடியாது. ஏன் என்று பிறகு வருகிறேன்.

சரி, கண்ணுக்குத் தெரியாததை எப்படி எண்ணுகிறார்கள்?

எளிய வழி, கிருமி வளரும் சத்துக்கூழ் ஊற்றிய வட்டத் தட்டைச் சிறிது நேரம் திறந்து வைப்பது. 1887இல் யூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி விவரித்த அதே மூடி போட்ட தட்டு. விழுவது விழும். அப்புறம் மூடி, வெதுவெதுப்பில் ஓரிரு நாள் வைத்தால், விழுந்த ஒவ்வொன்றும் பெருகிப் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குக் காலனி என்று பெயர். இதில் ஒரு கோளாறு இருக்கிறது. தட்டில் சீக்கிரம் வந்து விழுவது கனமான துகள்தான். இலேசானது மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கணக்கில் வராது. மூச்சில் ஆழமாக உள்ளே போவதோ அந்த இலேசானதுதான்.

அதனால் காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவிகள் வந்தன. 1958இல் ஆண்டர்சன் என்பவர் விவரித்த ஆறடுக்குக் கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் 400 துளைகள் வழியாகச் செலுத்தி, கீழே இருக்கும் தட்டின் மேல் மோதவிடும். மேலடுக்கில் துளை பெரிது, கீழே போகப் போகச் சிறிது. பெரிய துகள் மேல் தட்டிலும், நுரையீரலின் அடிவரை போகக்கூடிய பொடி கீழ்த் தட்டிலும் சிக்கும். கோழி ஷெட்டுக்குள் வைத்தால் இந்தக் கருவிக்கே திணறல். கன மீட்டருக்கு ஒரு லட்சம் என்றால் லிட்டருக்கு 100. ஒரு நிமிடத்தில் 2,830. ஒரு துளைக்குக் கீழே ஒரு புள்ளிதான் எண்ண முடியும், ஆறு தட்டுக்கும் சேர்த்துத் துளை இருப்பதே 2,400தான்! அதனால் சில நொடிகளில் நிறுத்திவிடுவார்கள். அல்லது காற்றைத் திரவத்துக்குள் குமிழவிட்டு, அந்தத் திரவத்தைப் பல மடங்கு நீர்க்கவைத்து எண்ணுவார்கள்.

எந்த வழியில் எண்ணினாலும் தட்டில் வளர்ந்தது மட்டுமே கணக்கு. செத்துப்போனவையும், உயிரோடு இருந்தும் அந்தக் கூழில் வளராதவையும் வராது. செத்த பாக்டீரியாவால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். இருக்கிறது. ஆட்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

தூசிதான் வண்டி

இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் போதும் என்றால், இதைச் சொல்வேன்: பாக்டீரியா ஷெட்டுக் காற்றில் தனியாளாகத் திரிவது அபூர்வம். தூசி எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகிறது.

இதைக் காட்டிய பழைய சோதனை ஒன்று உண்டு. 1860இல் லூயி பாஸ்டர், சத்து நீரைக் குடுவைகளில் கொதிக்கவைத்து வாயை உருக்கி மூடி, வெவ்வேறு இடங்களுக்கு எடுத்துப் போய்த் திறந்து, காற்று புகுந்ததும் மறுபடி மூடினார். கிராமப்புறச் சமவெளியில் திறந்த 20இல் 8 கெட்டுப்போயின. ஜூரா மலையில், சுமார் 850 மீட்டர் உயரத்தில், 20க்கு 5. ஆல்ப்ஸ் மலையில் பனியாற்றின் மேல் 20க்கு 1. நம்மூரில் செய்வதாக இருந்தால் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் 20 குடுவை, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு பகோடா பாயிண்டில் 20 குடுவை என்று வைத்துக்கொள்ளலாம். மேலே கெடுவது குறைவாகத்தான் இருக்கும், அங்கே தூசி குறைவு என்பதால். உயரத்துக்கென்று மந்திரம் ஒன்றும் கிடையாது. அதே ஏற்காட்டில் ஒரு கோழி ஷெட்டுக்குள் போய்த் திறந்தால் இருபதும் கெட்டுப்போகும்.

தூசியின் அளவு ஏன் முக்கியம் என்றால், அது எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன், பாக்டீரியா ஏறத்தாழ 1 மைக்ரான். அசையாத காற்றில், நம் மூக்கு உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து 100 மைக்ரான் துகளை விட்டால் ஆறேழு நொடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு எட்டு நிமிடம் பிடிக்கும். 1 மைக்ரான் துகளுக்கோ பன்னிரண்டு மணி நேரம். ஷெட்டில் காற்று எங்கே அசையாமல் இருக்கிறது? ஃபேன் ஓடும், கோழி இறக்கை அடிக்கும், ஆள் நடப்பார். ஆக, சின்னத் துகள் ஒருமுறை கிளம்பினால் காற்றோட்டம் வெளியே தள்ளும்வரை உள்ளேதான் இருக்கும்.

தூசியில் ஒட்டியிருப்பது பாக்டீரியாவுக்கும் சௌகரியம். தனியாக மிதந்தால் காய்ந்தும் வெயில் பட்டும் செத்துப்போகும். எச்சமும் சளியும் காய்ந்த துகளுக்குள் இருந்தால் ஈரமும் நிழலும் கொஞ்சம் கிடைக்கும். சாதாரணமாகக் காற்றில் சீக்கிரம் செத்துவிடும் ஈ-கோலை, காய்ந்த எச்சத் தூசிக்குள் நெடுநாள் தாக்குப்பிடிப்பது இப்படித்தான்.

தூசி எப்போது கிளம்பும் என்பதைக் கவனித்தால் கோழியின் அன்றாடமே தெரியும். விளக்குப் போட்டதும், தீவனம் கொட்டியதும், ஆள் உள்ளே நுழைந்ததும் எழும். இருட்டில் கோழி உட்கார்ந்துவிட்டால் அடங்கும். குஞ்சு வயதில் குறைவு, வாரம் ஏற ஏற அதிகம். கூண்டில் வளரும் முட்டைக்கோழிக்குத் தரையைக் கிளற வாய்ப்பில்லாததால் கூண்டு ஷெட்டில் தூசி குறைவு. 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைக்குள் போய்விட்டு அப்படியே ஒரு கறிக்கோழி ஷெட்டுக்குள் போனால் மூக்கே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். கூண்டு நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு, அதற்குள் இப்போது போகவில்லை.

கோழியின் உடம்பும் இந்த விஷயத்தில் நம்மைப் போல இல்லை. நமக்கு நுரையீரல் விரிந்து சுருங்கும். கோழிக்கு நுரையீரல் விலாவோடு ஒட்டி அசையாமல் இருக்கும். காற்றை இழுத்துத் தள்ளுவது உடம்புக்குள் இருக்கும் ஒன்பது காற்றுப் பைகள். மெல்லிய சவ்வு, இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அங்கே போய் உட்கார்ந்த கிருமியை விரட்ட உடம்பின் காவல் அணுக்கள் வந்து சேரவே நேரமாகும். கோழியை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர், பளபளவென்று இருக்க வேண்டிய அந்தச் சவ்வு மங்கி, தயிர்த் திட்டுப் போலப் படிந்திருப்பதைக் காட்டுவார். ஈ-கோலை காற்றுப் பைக்குள் வேலை செய்த அடையாளம் அது.

அம்மோனியாவின் பங்கு

இவ்வளவு பாக்டீரியாவை தினமும் மூச்சில் இழுத்தும் பெரும்பாலான கோழி நன்றாகத்தானே இருக்கிறது? காரணம், மூச்சுக்குழலின் உள்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள். மேலே சளிப்படலம், தூசி அதில் ஒட்டும், நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது அம்மோனியா. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தைக் கூளத்தின் பாக்டீரியா உடைக்கும்போது அது வருகிறது. 25 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் போக விடக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதிகமானால் நுண்மயிர் அசைவு மந்தமாகி, பிறகு உதிர்ந்தே போகும். அதற்கப்புறம் சிறுபான்மையான ஈ-கோலையே போதும். மூச்சுப் பாதையைத் தாக்கும் ராணிக்கெட் வைரஸோ மைக்கோபிளாஸ்மா கிருமியோ முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்திருந்தால் இன்னும் சுலபம். ராத்திரி விளக்கணைத்து அமைதியானதும் ஷெட்டில் கொர்ர் கொர்ர் என்று சத்தம் கேட்கிறதே, பண்ணையில் சிஆர்டி (நாள்பட்ட மூச்சு நோய்) என்கிறார்களே, அந்தக் கதை இந்த வழியில்தான் முற்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. தினமும் ஷெட்டுக்குள் இருப்பவரின் மூக்கு அம்மோனியாவுக்குப் பழகிவிடும். வெளியூரிலிருந்து வந்த மச்சான் வாசலிலேயே மூக்கைப் பொத்தினால் கிண்டல் செய்யாதீர்கள், அவர் மூக்கைத்தான் நம்ப வேண்டும். அதே சமயம், நாற்றம் இல்லாததால் காற்று சுத்தம் என்றும் ஆகாது. நன்றாகக் காய்ந்த கூளத்தில் அம்மோனியா குறைவாகவும் தூசியும் பாக்டீரியாவும் ஏராளமாகவும் இருக்கும்.

காற்றைச் சரிசெய்யத் தரையைப் பார்

பண்ணைக்காரருக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி விழுவது இங்கேதான். கூளம் ஈரமானால் அம்மோனியா. காய்ந்தால் தூசி. இடையில் ஒரு சந்து இருக்கிறது: ஈரப்பதம் ஏறத்தாழ 20இலிருந்து 30 சதவீதம்.

இதற்குக் கருவி வேண்டாம். ஒரு கை கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம். விரலிடுக்கில் பொடி பறந்து எதுவுமே சேரவில்லை என்றால் வறட்சி அதிகம். லேசாகச் சேர்ந்து, தட்டினால் உதிர்ந்தால் சரி. ஒரே இடத்தில் பார்க்காதீர்கள். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் வரிசைக்குக் கீழே ஒரு கை, சுவரோரம் ஒரு கை, தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கை. நிப்பிளுக்குக் கீழே சேறும் நடுவில் பொடியுமாக ஒரே ஷெட்டில் இரண்டு வியாதியும் இருப்பது சகஜம். அப்படியானால் முதல் வேலை ஸ்பேனரோடு நிப்பிள் லைனைப் பார்ப்பது. ஒழுகுகிறதா, உயரம் கோழியின் வயதுக்கு ஏற்றதா, அழுத்தம் அதிகமா என்று.

சேலத்துப் பருவமும் இதில் விளையாடும். மார்ச் முதல் மே வரை வெயிலும் அனல் காற்றும் கூளத்தைப் பொடியாக்கிவிடும். பக்கவாட்டில் வலை மட்டும் உள்ள திறந்த ஷெட்டில் காற்று நிறைய வந்தாலும் தூசியும் கூடவே எழும். தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகர் போட்டால் தூசி ஓரளவு அமுங்கும், அதையே அதிகம் போட்டால் தரை நனையும். வடகிழக்குப் பருவமழையிலும், மார்கழிக் குளிரில் குஞ்சு இறக்கியிருக்கும்போதும் நேர்மாறு. குளிருக்குப் பயந்து படுதாவை உச்சிவரை ஏற்றிக் கட்டிவிடுவார்கள். ஈரமும் அம்மோனியாவும் பாக்டீரியாவும் ஒன்றாகத் தங்கிவிடும். படுதாவைக் கீழிருந்து ஏற்றி, மேலே ஓரடியாவது இடைவெளி விட்டால், குஞ்சின் மேல் குளிர்காற்று நேராக அடிக்காமல் கெட்ட காற்று மேலாக வெளியேறும். சேர்வராயன் மலைமேல் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை வருடத்தில் பல மாதம். பனிமூட்டத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் கூளம் தானாகக் காயாது. அங்கே கோழியின் எண்ணிக்கையைக் குறைத்து விடுவதுதான் என் கணிப்பில் முதல் மருந்து.

எதைக் கூளமாகப் போடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. தென்னை நார்க் கழிவு தண்ணீரை நன்றாகக் குடிக்கும், காய்ந்தால் பயங்கரத் தூசி. உமி அவ்வளவாகக் குடிக்காது, தூசியும் குறைவு. கடலைத் தோல் நம்மூரில் மலிவு. ஆனால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மூட்டையைக் கொண்டுவந்து குஞ்சுக்குக் கீழே கொட்டினால் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வித்தை நாமே காற்றில் தூவியதாகிவிடும். குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது.

கூளத்தைக் கிளறிவிடுவது நல்ல பழக்கம். காலையிலோ மாலையிலோ, படுதா திறந்திருக்கும்போது செய்ய வேண்டும். மூடிய ஷெட்டில் கிளறினால் அடங்கியிருந்ததை எல்லாம் கோழி மூக்குக்கு ஏற்றிவிட்டதுதான் மிச்சம். நாற்றம் அடிக்கிறது என்று கோழி இருக்கும்போதே சுண்ணாம்பு தூவுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்பு காரம், காரம் ஏறினால் கூளத்தில் அடங்கியிருக்கும் அம்மோனியா இன்னும் வேகமாக வாயுவாகக் கிளம்பும். ஷெட் காலியாக இருக்கும்போது அடியுங்கள், அது வேறு. காற்றில் கிருமிநாசினி புகையாக அடிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். தரையும் கோழியும் நிமிடத்துக்கு நிமிடம் புதிதாகத் தூசி அனுப்பிக்கொண்டிருக்கும்போது, அடித்த மருந்தின் பலன் எவ்வளவு நேரம் நிற்கும்? என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு நிப்பிள் வாஷர் வாங்கலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேனும், உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் பேடும் போட்ட மூடிய ஷெட்களில் கணக்கு வேறு மாதிரி. காற்றின் அளவு நம் கையில் இருக்கிறது. ஆனால் கரண்ட் பில்லுக்குப் பயந்து குளிர்காலத்தில் ஃபேனை நிறுத்தினால் திறந்த ஷெட்டைவிட மோசமாகும். ஃபேன் ஷட்டரிலும் திறந்த ஷெட்டின் வலைக் கண்ணிலும் இறகுத் தூசி பஞ்சாகப் படிந்து காற்றை மறைப்பதைத் துடைப்பத்தால் தட்டிவிட ஐந்து நிமிடம்தான் ஆகும். பேட்ச் நடுவில் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்து குடலில் இருக்கும் கிருமிகளில் தாக்குப்பிடிப்பவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும். அவை எச்சமாகி, தூசியாகி, காற்றேறும். கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிக்கும் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கைவசமாக வைத்திருக்கும் மருந்து அது.

உள்ளே வேலை செய்பவர்

பேட்ச் முடிந்து கூளம் அள்ளும் ஆட்களிடம் கேட்டால், "எரு அள்ளுனா ராத்திரிக்கு ஒடம்பு காந்துமுங்க, மறுநா சரியாப்போயிரும்" என்பார்கள். கற்பனை இல்லை. ஏராளமான தூசியை இழுத்த நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் குளிர், காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல் வந்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே போய்விடும் ஒரு நிலை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. இது தொற்று இல்லை. செத்த பாக்டீரியாவின் பங்கு இங்கேதான் வருகிறது. ஈ-கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைப் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எண்டோடாக்ஸின் என்ற பொருள் இருக்கிறது. கிருமி செத்தாலும் அது தூசியில் அப்படியே இருக்கும். நுரையீரல் அதைக் கிருமித் தாக்குதல் என்றே எடுத்துக்கொண்டு வீக்கத்தையும் காய்ச்சலையும் கிளப்பும். நெதர்லாந்தின் சுகாதார மன்றம் 2010இல் வேலையிடக் காற்றில் இதற்குக் கன மீட்டருக்கு 90 எண்டோடாக்ஸின் அலகு என்று வரம்பு பரிந்துரைத்தது. கோழி ஷெட்கள் அதைத் தாண்டுவது வெகு சுலபம். வருடக்கணக்கில் இழுத்தால் நாள்பட்ட இருமலும் இளைப்பும் தங்கிவிடும்.

முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது பெரிய இறகையும் உமியையும்தான் நிறுத்தும். நுண்தூசி துணியின் இடுக்கிலும் கன்னத்தின் ஓரத்திலும் புகுந்துவிடும். என்-95 மாஸ்க் 0.3 மைக்ரான் துகளில் 95 சதவீதத்தையாவது பிடிக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் மூக்குப் பட்டையை அழுத்தி, இரண்டு பட்டையையும் போட்டு, முகத்தோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. எப்போதும் போட்டுக்கொண்டு சேலத்து வெயிலில் வேலை செய்ய யாராலும் முடியாது என்பது தெரியும். கூளம் அள்ளும்போது, கிளறும்போது, கோழி பிடிக்கும்போது, இந்த மூன்று வேளையாவது போடலாம். அள்ளுவதற்கு முன்னால் கூளத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே அடங்கும்.

காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விடவில்லை என்றாலும், மூச்சு வாங்கினாலும் தூசிக் காய்ச்சல்தான் என்று இருந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் போய்க் கோழிப்பண்ணையில் வேலை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர் கேட்காமலும் போகலாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்; அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது.